நிறுத்தி வைத்த பாலம்

நெடுவாயாற்றின் மேல் முதன்முதலில் கட்டிய பாலம் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்கவில்லை.

பெரிய அரசர் காலத்தில் கட்டியது அது. ஐப்பசியில் ஆறு பெருகி வந்தபோது நடுத்தூண்கள் கரைந்து போயின. பார்த்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். இடிந்தது என்று யாரும் சொல்லவில்லை, கரைந்தது என்றார்கள். காரையில் சுண்ணாம்பைவிட மணல்தான் அதிகம். சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த வண்டிகள் மாடுகளோடும் ஆட்களோடும் ஆற்றில் விழுந்தன.

அந்த வேலையை மேற்பார்வையிட ஓர் அதிகாரி இருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கட்டியவர் வீட்டு விருந்துகளுக்குப் போய்ப் போய், அவர் பிள்ளைகளுக்கு மாமாவாகிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரர் குழைத்த காரையைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

பெரிய அரசர் இறந்து மகன் பட்டத்துக்கு வந்தார். மறுபடி ஒரு பாலம் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். அக்கரையில் தாழையூரும் அதைச் சேர்ந்த சிற்றூர்களும் இருந்தன. அங்கே வைத்தியர் கிடையாது, சந்தை கிடையாது. எல்லாவற்றுக்கும் ஓடம் ஏறி இக்கரைக்கு வர வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் அரசர் குன்றடி மடத்துக்கு வந்தார்.

அந்த மடத்தின் தலைவி உலகம்மை. நாற்பது வயதைத் தாண்டாதவர். அதிகம் பேசமாட்டார். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அவரிடம் சீடர்களாக இருந்தார்கள்.

"தாயே, கைநீட்டி எதையும் வாங்காத ஒருவர் எனக்கு வேண்டும். அப்பாவுக்குக் கிடைக்கவில்லை" என்றார் அரசர்.

"வாங்காமல் இருந்தால் மட்டும் போதுமா?"

"இப்போதைக்கு அது போதும்."

உலகம்மை கொல்லைப்புறம் பார்த்தார். செங்கோடர் அங்கே விறகு பிளந்துகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது. ஒரு காலத்தில் துறைமுகத்தில் சுங்கத் தலைவராக இருந்தவர். ஒரு வணிகர் அனுப்பிய பட்டுச் சேலையைத் தெருவில் வீசி எறிந்தார் என்று இன்னும் அங்கே பேச்சு உண்டு. அந்த வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர்.

"எனக்கு வேண்டாம் அம்மா" என்றார் செங்கோடர். "அதிலிருந்து தப்பித்துத்தானே இங்கே வந்தேன்."

"தெரியும். போய் வாருங்கள்."

அதற்கு மேல் அவர் மறுக்கவில்லை. கிளம்பும்போது அரசர் அவரிடம் சொன்னார்: "எந்த நேரமானாலும் நேராக என்னிடம் வரலாம். வாசலில் யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள்."

கட்டுமானப் பொறுப்பை வைரவ ஆசாரி ஏற்றிருந்தார். கல்லைத் தட்டி ஓசையைக் கேட்டே தரம் சொல்லக்கூடியவர். கூட்டத்தில் பேசச் சொன்னால் திணறுவார். வந்த முதல் நாளே செங்கோடருக்கு மோர் கொடுத்து அனுப்பினார். செங்கோடர் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆசாரிக்கு முதலில் வருத்தம்தான். அப்புறம் சிரித்தார். "நல்லதாப் போச்சு. என் மோரே வேண்டாம்னா வேற எவன்கிட்டயும் எதுவும் வாங்க மாட்டாரு."

செங்கோடர் மண்பானையில் தன் தண்ணீரைத் தானே கொண்டுவந்தார். துண்டில் கட்டிய அவலைத் தனியாக உட்கார்ந்து தின்றார். யார் வீட்டு நிழலிலும் ஒதுங்கவில்லை. வெயிலில் நின்று கல் வண்டிகளைப் பார்த்தார். வெடிப்புள்ள கற்களைத் திருப்பி அனுப்பினார். கூலியாட்களுக்குப் படியைக் குறைத்து அளந்த மேஸ்திரியை வீட்டுக்கு அனுப்பினார். சாரம் கட்டும் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

ஒவ்வொரு தூணாக ஆற்றிலிருந்து மேலே வந்தது.

ஊர் அவரைப் புகழத் தொடங்கியது. செங்கோடர் நிற்கிற இடத்தில் ஒரு கைப்பிடி மணல்கூடக் காணாமல் போகாது என்றார்கள். அரசவையில் அவர் பெயரைச் சொல்லி அரசர் மற்ற அதிகாரிகளைக் கடிந்தார். சந்தையில் எடைக்கல்லில் சண்டை வந்தால், "செங்கோடர்கிட்ட போவோமா?" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டதுமே சண்டை அடங்கியது.

இதெல்லாம் செங்கோடர் காதுக்கும் வந்தது. தெருவில் நடக்கும்போது முன்பைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்.

நடுத்தூண்களுக்கு வேலை வந்த சமயத்தில் புதிய சுண்ணாம்பு வந்து இறங்கியது.

செங்கோடர் அதில் குழைத்த காரையை உருண்டை பிடித்துக் காயவைத்தார். காய்ந்த உருண்டையைத் தண்ணீர்ச் சட்டியில் போட்டார். மறுநாள் வந்து பார்த்தபோது சட்டியில் உருண்டை இல்லை. கலங்கிய நீர்தான் இருந்தது.

ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆசாரி சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "நானே சொல்லணும்னு இருந்தேன் சாமி. பயமா இருந்துச்சு. சுண்ணாம்பு குடுக்கறவரு மந்திரியோட மைத்துனரு."

"யாராக இருந்தால் என்ன? இந்தச் சுண்ணாம்பில் ஒரு கல்கூட வைக்கக் கூடாது."

"வைக்கல சாமி."

"வேறு சுண்ணாம்பு வரும்வரை வேலை நிற்கட்டும்."

பாலத்தின் செலவுகளை மந்திரி தலைமையில் ஒரு சபை பார்த்துவந்தது; அன்றே அவர் அந்தச் சபைக்கு எழுதி அனுப்பினார். வேலை நின்றது. செய்தி ஊரெல்லாம் பரவியது. மந்திரியின் மைத்துனரையே நிறுத்திவிட்டார் என்று எல்லோரும் வியந்தார்கள். பழைய பாலத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு கிழவர் வந்து செங்கோடரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மந்திரி முடியாது என்று சொல்லவில்லை. பார்க்கிறோம் என்றார். கருவூல அதிகாரி, சுண்ணாம்பு தரும் உரிமையை மாற்றச் சபை கூட வேண்டும் என்றார். சபை கூடியது. வேறு எதையோ பேசிக் கலைந்தது. அடுத்த முறை மந்திரிக்கு உடம்பு சரியில்லை. அதற்கடுத்த முறை திருவிழா வந்துவிட்டது.

செங்கோடர் தினமும் வேலையிடத்துக்கு வந்தார். கெட்ட சுண்ணாம்பை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டார். பொழுது சாய்ந்ததும் திரும்பினார்.

கல்தச்சர்கள் கொஞ்ச நாள் காத்திருந்தார்கள். வேலை இல்லாவிட்டாலும் அவர்களுக்குப் படி அளக்க வேண்டியிருந்தது. சாரக் கயிறுகள் பனியிலும் வெயிலிலும் இற்றன. செதுக்கி வைத்த கற்களின் மேல் புல் முளைத்தது. பாலத்துக்கென்று ஒதுக்கிய பொருள், பாலம் ஓர் அடிகூட உயராமலே கரைந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் ஆசாரி வந்தார்.

"சாமி, தெற்கே மூங்கிலேரியில நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைக்குது. நான் போய்ப் பார்த்துட்டு வந்தேன். பாறை மாதிரி பிடிக்குது. நீங்க ராஜாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே வண்டி கட்டிருவேன்."

"நான் சுண்ணாம்பு வாங்க வந்தவன் இல்லை ஆசாரி. கெட்டது நடந்தால் நிறுத்த வந்தவன். நிறுத்திவிட்டேன்."

"தொடங்கி வைக்கிறது யாரு சாமி?"

"அது சபையின் வேலை."

"சபைக்கு அவசரம் இல்லையே. மழைக்கு முன்னால நடுத்தூணை எழுப்பணும். ஆறு பெருகிட்டா அடுத்த கோடைதான்."

"எழுத வேண்டியதை எழுதியாகிவிட்டது."

"எழுதினா போதுமா? நேர்ல போங்க சாமி. உங்களுக்குத்தான் வாசல் திறந்திருக்கு. எங்களுக்கெல்லாம் இல்லை."

செங்கோடர் தயங்கினார். பிறகு சொன்னார்: "உமக்காக நான் அரண்மனைக்குப் போய்ப் பேசினால் நாளை ஊர் என்ன சொல்லும்? ஆசாரியின் ஆள் என்று சொல்லும். போன பாலத்தில் அப்படித்தான் ஆரம்பித்தது."

ஆசாரி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்காகவா?" என்று கேட்டார். அந்த வாரமே கல்தச்சர்களில் பாதிப்பேர் வேறு நாட்டுக் கோயில் வேலைக்குக் கிளம்பினார்கள். அவர்களோடு ஆசாரியும் போனார்.

துறையில் ஓடத்துக்குக் காத்திருப்பவர்களில் அங்கம்மாள் என்றொரு மருத்துவச்சி உண்டு. வீடு இக்கரையில். பிரசவம் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் அக்கரையில். யாராவது ஓடிவந்து கூப்பிட்டால் மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடத்துக்கு வந்துவிடுவாள். செங்கோடரைக் கண்டால் நின்று பேசுவாள். அவரிடம் பயமில்லாமல் பேசியவர்கள் அந்த ஊரில் குறைவு.

"ஏன்யா, வேலை ஏன் நின்னு போச்சு?"

"உங்கள் நன்மைக்குத்தான் அம்மா. கெட்ட சுண்ணாம்பில் கட்டினால் மறுபடி விழும்."

"விழாமத்தான் கட்டணும். ஆனா கட்டணும்ல?"

"கட்டுவார்கள்."

"யாரு?"

அங்கம்மாள் ஆற்றைப் பார்த்தாள். மேற்கே மலைப்பக்கம் மேகம் இறங்கியிருந்தது. ஆற்றின் நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

"போன வருசம் ஒரு பொண்ணு, நான் போய்ச் சேர்றதுக்குள்ள போயிருச்சுய்யா. ஓடக்காரர் பாவம், என்ன பண்ணுவாரு? சுழி விட்டாத்தானே கழி ஊன முடியும். பாலம் வந்துரும்னு அவ மாமியாகிட்ட சொல்லிட்டு வந்தேன். இப்ப அந்த வீட்டுப் பக்கம் போறதுக்கே கூச்சமா இருக்கு."

ஓடம் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.

அவள் சொன்னது செங்கோடரை விடவில்லை. அன்று மாலை அவர் மேல்துண்டை மாற்றிக்கொண்டு அரண்மனைக்கு நடந்தார். அவரைக் கண்டதும் காவலர்கள் எழுந்து வழிவிட்டார்கள். வாசலில் கல் வணிகர்கள் சிலர் நின்றிருந்தார்கள். அவர் வெடிப்புக் கற்களைத் திருப்பி அனுப்பியதில் நட்டப்பட்டவர்கள்தான். ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்:

"என்ன செங்கோடரே, ஆசாரிக்குச் சிபாரிசா?"

மற்றவர்களும் சிரித்தார்கள். கேலிதான். வேறொன்றும் இல்லை.

செங்கோடரின் முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். காவலர்கள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லை. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

மழை அந்த ஆண்டு முன்னதாகவே பிடித்துக்கொண்டது.

ஒரு காலையில் தாழையூரிலிருந்து ஓர் ஆள் ஓடத்தில் வந்து இறங்கினான். மனைவிக்கு வலி எடுத்துவிட்டது என்றான். அங்கம்மாள் மூட்டையோடு வந்தாள். ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தது. போக வேண்டாம் என்று ஓடக்காரர் சொன்னார். அந்த ஆள் அவர் காலில் விழுந்தான். ஓடக்காரர் வானத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். கழியை எடுத்தார்.

பாதி கட்டிய தூண்களுக்கிடையே ஆறு குறுகிச் சுழித்துக்கொண்டிருந்தது. ஓடம் ஒரு தூணில் மோதித் திரும்பியது. அடுத்த தூணில் கவிழ்ந்தது.

செங்கோடர் கரையில்தான் நின்றார். கெட்ட சுண்ணாம்பின் மேல் போட்ட ஓலையைக் காற்று தூக்காதபடி கல் வைத்துக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டுத் திரும்பினார். ஓடினார். நீச்சல் தெரிந்தவர்கள் குதித்தார்கள். ஓடக்காரரை மட்டும் இழுத்துப் போட முடிந்தது.

தண்ணீர் வடிந்த பிறகுதான் அக்கரைச் செய்தி வந்தது. குழந்தை பிறந்திருந்தது. பெண் குழந்தை. பெற்றவள் பிழைக்கவில்லை.

ஓடம் கவிழ்ந்த அன்றே செங்கோடர் நனைந்த வேட்டியோடு அரண்மனைக்குப் போயிருந்தார். இந்த முறை வாசலில் யார் நின்றார்கள் என்று அவர் பார்க்கவில்லை. அரசரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

அரசர் கேட்டார்: "சுண்ணாம்பு விஷயம் இத்தனை நாளாக இழுக்கிறதா? தீர்ந்துவிட்டது என்றல்லவா மந்திரி சொன்னார்?"

மந்திரியைக் கூப்பிட்டார்கள். மைத்துனரின் உரிமை பறிபோனது. மூங்கிலேரிச் சுண்ணாம்புக்கு உத்தரவு எழுதி முத்திரை வைத்தார்கள். அரசர் மதிய உணவுக்கு எழுந்து போகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

செங்கோடர் அந்த முத்திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அரக்கு இன்னும் ஆறவில்லை.

"உங்கள் மேல் குற்றம் இல்லை" என்றார் அரசர். "கெட்டதை நிறுத்தினீர்கள். தொடர்ந்து இருங்கள்."

"என்னை விட்டுவிடுங்கள்" என்றார் செங்கோடர்.

உத்தரவு இருந்தது. வேலை தொடங்கவில்லை. ஆசாரி எந்த நாட்டில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. கல்தச்சர்கள் சிதறிப் போயிருந்தார்கள். சபை ஒருவரைக் கை காட்டியது, அவர் இன்னொருவரைக் கை காட்டினார். மழை விட்டதும் துறையில் புது ஓடம் ஒன்று வந்தது.

செங்கோடர் தன் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு குன்றடி மடத்துக்கு வந்து சேர்ந்தார். உலகம்மை முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். செங்கோடர் மூட்டையை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார். அங்கம்மாள் கேட்டதைச் சொன்னார். அரண்மனை வாசலில் நின்றதைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை.

உலகம்மை குறுக்கிடாமல் கேட்டார்.

"அம்மா, நான் வேலையை நிறுத்தியது தவறா?"

"இல்லை."

"அந்தச் சுண்ணாம்பை விட்டிருந்தால் இதைவிட அதிகம் பேர் செத்திருப்பார்கள்."

"செத்திருப்பார்கள்."

"நான் ஒரு காசு வாங்கவில்லை. ஒருவருக்கும் பயப்படவில்லை."

"ஒருவருக்கும் பயப்படவில்லையா?"

கீரைத் தண்டு ஒடியும் சத்தம் மட்டும் கேட்டது.

"சிரித்தார்கள் அம்மா" என்றார் கடைசியில். "அந்தச் சிரிப்புக்குப் பயந்துவிட்டேன்."

உலகம்மை கையிலிருந்த கீரையை முறத்தில் போட்டார். பிறகு எடுக்கவில்லை.

"உங்கள் புகழ் இங்கேயும் வந்தது" என்றார். "மடத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் உங்களைப் பற்றித்தான் பேசினார்கள். மந்திரியின் மைத்துனரையே நிறுத்திவிட்டார் என்றார்கள். கேட்க எனக்கு இனித்தது. என்னிடமிருந்து போனவர் அல்லவா? இன்னும் சொல்லுங்கள் என்று கேட்டேன். வேலை மறுபடி தொடங்கிவிட்டதா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை."

செங்கோடர் அவரை நிமிர்ந்து பார்த்தார். உலகம்மையின் கண்கள் நனைந்திருந்தன. இத்தனை ஆண்டுகளில் செங்கோடர் அதைப் பார்த்ததில்லை.

"இனி நான் எங்கும் போக மாட்டேன் அம்மா" என்றார் செங்கோடர். "இங்கேயே ஒரு மூலையில் கிடக்கிறேன். மௌனம் கொடுங்கள். விரதம் கொடுங்கள். எவ்வளவு கடினமானாலும் சரி. இந்தப் பாவத்தை நான் கழுவ வேண்டும்."

உலகம்மை எழுந்தார். சுவரோரம் இருந்த மூட்டையை எடுத்தார். முற்றத்தைக் கடந்து போய், வெளிவாசலுக்கு அப்பால் தெருவில் வைத்துவிட்டு வந்தார்.

செங்கோடர் பதறி எழுந்தார். "என்னை ஏற்றுக்கொள்ள மாட்டீர்களா? அவ்வளவு பெரிய பாவியா நான்?"

"நீங்கள் வரும்போது துறையைத் தாண்டித்தானே வந்தீர்கள்?"

"ஆமாம்."

"அக்கரைக்கு யாராவது போய்க்கொண்டிருந்தார்களா?"

"போய்க்கொண்டிருந்தார்கள்."

"எதில் போனார்கள்?"

செங்கோடர் தெருவில் இறங்கி, மூட்டையை எடுத்துக்கொண்டு துறையை நோக்கி நடந்தார்.